பழைய பிசியில் கூடுதல் டிஸ்க் போடப் போகிறீர்களா? முதலில் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள்

வட சென்னையில் வியாசர்பாடி, பெரம்பூர், கொருக்குப்பேட்டை பக்கம் போட்டோ ஸ்டுடியோ, டிடிபி கடை எதில் நுழைந்தாலும் பத்து வருஷம் தாண்டிய டெஸ்க்டாப் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஜி41 சிப்செட் போட்ட மதர்போர்டு, இல்லையென்றால் எச்61 போர்டில் இரண்டாம் தலைமுறை ஐ3. கல்யாண வீடியோ சேரச் சேர டிஸ்க் நிரம்புகிறது, உடனே புது சிஸ்டம் வாங்கலாமா என்ற பேச்சு கிளம்புகிறது. ஃபைல்களைப் போட்டு வைக்கத்தான் இடம் வேண்டும் என்றால் புது சிஸ்டம் தேவையே இல்லை, அந்தப் பழைய மெஷினிலேயே நாலு டிஸ்க் தாராளமாக ஓட்டலாம். ஆனால் வரிசை முக்கியம். ஆஃபரில் கிடைத்தது என்று டிஸ்க்கை முதலில் வாங்கிவிட்டு, அப்புறம் போர்ட் இல்லை என்று கார்டு தேடி, அப்புறம் பவர் ஒயர் பத்தவில்லை என்று அறுபது ரூபாய் கன்வெர்ட்டரை மாட்டுவதில்தான் பல பேருடைய டேட்டா போகிறது. நான் சொல்லும் வரிசை: முதலில் கரண்ட், அடுத்து ஸ்லாட், டிஸ்க் கடைசியில்தான்.

மூடியைத் திறந்து எண்ணுங்கள்

திறப்பதற்கு முன் இருக்கிற முக்கியமான ஃபைல்களை வேறு எதிலாவது காப்பி எடுத்து விடுங்கள், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பிறகு பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்சமிருக்கும் கரண்ட்டை இறக்கிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். மதர்போர்டு மாடல் பெயர் ஸ்லாட்டுகளுக்கு நடுவில் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். போனில் உள்பக்கம் முழுவதையும் ஒரு படம், மாடல் பெயரைத் தனியாக ஒரு படம், கரண்ட் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளைத் தனியாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் நின்று வாயால் விளக்குவதைவிட இந்த மூன்று படம் வேலையைச் சீக்கிரம் முடிக்கும்.

டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா போர்ட்டுகளை எண்ணுங்கள். ஜி31, ஜி41 போர்டுகளில் பெரும்பாலும் நாலு, எச்61லும் நாலு, எல்லாமே 3 ஜிகாபிட் வேகம், அதாவது விநாடிக்கு 300 எம்பி வரை. பி75 சிப்செட் ஆறு போர்ட் தரும், அதில் ஒன்று மட்டும் 6 ஜிகாபிட், அதை எஸ்எஸ்டிக்கு விட்டுவிடுங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 150 முதல் 250 எம்பி வரைதான் போகும், அதற்கு 3 ஜிகாபிட் போர்ட்டே போதும், இதற்காகத் தனியாகக் கார்டு வாங்குவது வீண் செலவு. டிவிடி ரைட்டர் மாட்டியிருக்கிறதா? கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள்? கழற்றிவிட்டால் ஒரு சாட்டா போர்ட், ஒரு பவர் ஒயர், ஒரு பெரிய இடம் மூன்றும் காசில்லாமல் கிடைத்துவிடும்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடலை ஒட்டிய வீடுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உப்புக் காற்றில் போர்டின் பின்களிலும் ஸ்லாட்டுகளின் உலோகத்திலும் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும், 2011 வரை துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்து கேபினட் என்றால் உள்ளே பிசுபிசுத்த கறுப்புத் தூசு படிந்திருக்கவும் வாய்ப்புண்டு. புளோயரால் ஊதிவிட்டு, கார்டுகளின் தங்கநிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். புதுக் கார்டு போட்டும் காட்டவில்லை என்று வருகிற மெஷின்களில் ஸ்லாட்டைச் சுத்தம் செய்தாலே பாதிக்குத் தீர்வு கிடைத்துவிடுகிறது.

கரண்ட்

3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளில் 12 வோல்ட் லைனிலிருந்து ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும், அதாவது 24 வாட். ஓடத் தொடங்கிய பிறகு 6 முதல் 8 வாட்தான். நாலு டிஸ்க் என்றால் பட்டன் அழுத்திய கணத்தில் டிஸ்க்குகளுக்கு மட்டுமே 8 ஆம்பியர் வேண்டும், அதே நேரத்தில்தான் பிராசஸரும் ஃபேன்களும் எழுந்துகொள்கின்றன. எஸ்எம்பிஎஸ் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் 450 வாட்டை நம்பாதீர்கள், லேபிளில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கேபினட்டோடு வந்த விலை குறைந்த எஸ்எம்பிஎஸ் என்றால் அதில் எழுதியிருப்பதையும் முழுசாக நம்ப முடியாது. என் கருத்து கறாரானது: மூன்றாவது டிஸ்க் போடும்போதே நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாற்றிவிடுங்கள். டிஸ்க்கில் ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, இதில் குறைக்கக் கூடாது. ஆபீஸ்களிலிருந்து கழித்துவிட்ட பிராண்டட் பெட்டிகள் என்றால் கவனம், பல மாடல்களில் எஸ்எம்பிஎஸ்ஸின் அளவும் பிளக்கும் தனி மாதிரி, வெளியே விற்பது உட்காராது. ஒல்லியான பெட்டியாக இருந்தால் டிஸ்க்குக்கு இடமும் இருக்காது, அதை விட்டுவிடுங்கள்.

இப்போது கன்வெர்ட்டர் விஷயம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா பவர் பிளக் இரண்டுதான் இருக்கும், நாலு பின் மோலெக்ஸ் பிளக் மிச்சமாகத் தொங்கும், அதிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் ஒயர் எல்லாக் கடையிலும் உண்டு. அதைக் கையில் வாங்கி சாட்டா முனையின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒயர்கள் ஒரே பிளாஸ்டிக் கட்டிக்குள் புதைந்து, உள்ளே எப்படி இணைந்திருக்கின்றன என்றே தெரியாமல் இருந்தால் அது உருக்கி ஊற்றிய வகை, வாங்காதீர்கள். நாள்பட்ட சூட்டில் உள்ளே ஒயர்கள் விலகி ஒன்றையொன்று தொட்டால் பிளக் புகைந்து எரிகிறது, டிஸ்க்கும் சேர்ந்து போகிறது. ஒயர் ஒவ்வொன்றும் தனித்தனிப் பல்லில் கடித்துப் பிடித்தபடி, பின்னால் கழற்றக்கூடிய மூடியோடு இருப்பதுதான் வேண்டும். அதையும் டிஸ்க்கில் மாட்டுவதற்கு முன் மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். கறுப்பு ஒயரில் ஒரு முனை, மஞ்சளில் மறு முனை வைத்தால் 11.4க்கும் 12.6க்கும் நடுவில் காட்ட வேண்டும், சிவப்பில் 4.75க்கும் 5.25க்கும் நடுவில். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறி வந்த ஒயர் ஒன்று போதும், 5 வோல்ட் லைனில் 12 ஏறி டிஸ்க்கின் போர்டு அந்த நொடியே போய்விடும்.

சர்வரிலிருந்து கழற்றிய பெரிய டிஸ்க்குகளில் சில, சாட்டா பவர் பிளக்கில் மாட்டினால் சுழலவே சுழலாது. டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அவற்றில் பவர் பிளக்கின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்தே இருக்கும்படி வைத்திருக்கிறார்கள். மோலெக்ஸில் 3.3 வோல்ட் லைனே கிடையாது என்பதால் மேலே சொன்ன நல்ல கன்வெர்ட்டர் வழியாக மாட்டினால் எழுந்துகொள்ளும்.

வீட்டு எர்த்தையும் சோதியுங்கள். பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், எர்த் ஒயர் வந்திருக்காது. கேபினட்டைத் தொட்டால் விர்ரென்று இழுத்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரி செய்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள். ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் அவசியம், எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் கரண்ட் போனால் ஃபைல் சிஸ்டம் கெடுவது வெறும் ஆரம்பம்தான்.

ஸ்லாட்டும் கார்டும்

போர்டில் இருக்கிற போர்ட் தீர்ந்த பிறகுதான் கார்டு. நீளமான வெள்ளை நிற ஸ்லாட் பழைய பிசிஐ, குட்டையான சின்ன ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1, கிராபிக்ஸ் கார்டுக்கான நீள ஸ்லாட் எக்ஸ்16. பிசிஐ மொத்தத்துக்கும் விநாடிக்கு 133 எம்பிதான், அதையும் அந்த லைனில் உள்ள எல்லாக் கார்டும் பங்கு போட வேண்டும். தெருவுக்கு ஒரே குழாய் மாதிரிதான், எத்தனை குடம் வரிசையில் வைத்தாலும் வருகிற தண்ணீர் அவ்வளவே. சிலிக்கான் இமேஜ் 3112, 3114 சிப் போட்ட பிசிஐ கார்டுகள் இன்னமும் கிடைக்கின்றன, பென்டியம் 4 காலத்துப் போர்டில் வேறு வழியே இல்லை என்றால் மட்டும் அவற்றைப் பாருங்கள்.

எக்ஸ்1 ஸ்லாட் இருந்தால் ஏஎஸ்மீடியா 1061 சிப் போட்ட இரண்டு போர்ட் கார்டு வாங்குங்கள். விலை குறைவு, விண்டோஸ் 7க்குப் பிறகு வந்த எதிலும், லினக்ஸிலும், தனி டிரைவர் கேட்காமல் ஓடும். ஜி41 போர்டின் எக்ஸ்1 ஸ்லாட் முதல் தலைமுறை, 250 எம்பிதான் உச்சம், எச்61ல் இரண்டாம் தலைமுறை, 500 எம்பி. அட்டையில் 6 ஜிகாபிட் என்று போட்டிருந்தாலும் ஸ்லாட் கொடுப்பதுதான் கிடைக்கும். இரண்டு ஹார்ட் டிஸ்க்குக்கு இது போதும்.

நாலு, ஐந்து போர்ட் வேண்டுமென்றால் ஜேஎம்பி585 அல்லது ஏஎஸ்எம்1166 சிப் போட்ட கார்டு. முதலாவது ஐந்து போர்ட், இரண்டாவது ஆறு. இரண்டும் ஸ்லாட்டில் இரண்டு லேன், அதாவது இரண்டு டேட்டா பாதை, கேட்பவை, கார்டு பெரும்பாலும் எக்ஸ்4 நீளத்தில் வரும், ஆகவே காலியாக இருக்கும் எக்ஸ்16 ஸ்லாட்டில் போட வேண்டும். பழைய இன்டெல் போர்டுகளில் இங்கே ஒரு சிக்கல் வரும்: அந்த ஸ்லாட்டில் எது போட்டாலும் கிராபிக்ஸ் கார்டு என்று எண்ணி ஆன்போர்டு டிஸ்பிளேயை அணைத்துவிடும் போர்டுகள் உண்டு. கார்டைப் போடுவதற்கு முன்பே பயாஸில் (மெஷின் எழும்போது திறக்கும் அமைப்புத் திரை) முதல் டிஸ்பிளே ஆன்போர்டு என்று மாற்றி வைத்துவிடுங்கள்.

ஒரு எக்ஸ்1 கார்டில் எட்டு, பத்து, பதினாறு போர்ட் என்று ஆன்லைனில் மலிவாக வருவதைத் தொடாதீர்கள். ஒரு சின்ன கன்ட்ரோலருக்குப் பின்னால் போர்ட் மல்ட்டிபிளையர்களை வைத்துப் பெருக்கியவையே அவற்றில் அதிகம். ஒரு டிஸ்க் திணறினால் அதோடு தொங்கும் எல்லா டிஸ்க்கும் உறைந்து நிற்கும்.

எட்டு டிஸ்க் வரை போகும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால் சர்வரிலிருந்து கழற்றிய எல்எஸ்ஐ 9211-8ஐ கார்டு நல்ல வழி. சிப் பெயர் எஸ்ஏஎஸ்2008. டிஸ்க்குகளை அப்படியே சிஸ்டத்துக்குக் காட்டும் ஐடி மோட் ஃபர்ம்வேர் ஏற்றியதா என்று கேட்டு வாங்குங்கள், ஒரு முனை நாலு சாட்டாவாகப் பிரியும் ஃபார்வர்டு பிரேக்அவுட் கேபிளும் வேண்டும், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் ரிவர்ஸ் கேபிள் வேலைக்கு ஆகாது. இதைவிட மலிவாக எஸ்ஏஎஸ்1068இ சிப் போட்ட பழைய கார்டைக் காட்டுவார்கள், அது 2 டிபிக்கு மேல் டிஸ்க்கைப் பார்க்காது, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்தக் கார்டுகள் சர்வரின் புயல் காற்றுக்காகச் செய்தவை, சாதாரண கேபினட்டில் ஹீட்சிங்க்கைத் தொட முடியாத அளவுக்குச் சுடும், அதன் மேல் சின்ன ஃபேன் ஒன்றைக் கட்டாயம் கட்டுங்கள். போட்டதும் மெஷினே எழவில்லை என்றால், கார்டின் பி5, பி6 பின்கள் மேல் சின்னத் துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிப் பாருங்கள். கோர் 2 டுவோ காலத்துப் போர்டு பலவற்றில் இந்தத் தகராறு அதோடு தீர்ந்துவிடும்.

பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டு பற்றிக் கேட்பவர்களுக்கு: மலிவு கார்டிலும் ஆன்போர்டிலும் வரும் ரெய்டை இயக்காதீர்கள். கார்டு போனால் அதே மாதிரி கார்டு தேடி அலைய வேண்டிவரும். ஒவ்வொரு டிஸ்க்கையும் தனியாகவே வைத்து, முக்கியமானதை இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து, அந்தக் காப்பியை வேறு வீட்டில் வையுங்கள்.

டிஸ்க் வாங்குவது

விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோவில் ஏறினால் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரத்தில் கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட். கார்டு, கேபிள், எஸ்எம்பிஎஸ் மூன்றையும் அங்கேயே நேரில் பார்த்து வாங்குவது நல்லது. செகண்ட் ஹேண்ட் டிஸ்க் என்றால் டெஸ்டிங் வாரண்டி மட்டும்தான் தருவார்கள், அதனால் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேரை அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். "நல்லா ஓடும்ண்ணா, எடுத்துட்டுப் போங்க" என்பது போதாது. ஐந்தாம் எண் ரீஅலொகேட்டட் செக்டார், சி5 பெண்டிங் செக்டார், சி6 திருத்த முடியாத செக்டார், இந்த மூன்றும் சுழியமாக இருக்க வேண்டும். பவர் ஆன் நேரத்தைப் பாருங்கள், ஒரு வருஷத்துக்கு 8760 மணி நேரம், ஆகவே 35,000 என்று காட்டினால் அது ஏதோ ஒரு சிசிடிவி டிவிஆரில் நாலு வருஷம் நிற்காமல் சுற்றியது. அந்த வயதுள்ள டிஸ்க்கில் இரண்டாவது காப்பியை வைக்கலாம், ஒரே காப்பியை வைக்காதீர்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் டிஸ்க் சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று மாடல் எண்ணை வைத்துப் பார்த்துவிடுங்கள். சிஎம்ஆர் டிஸ்க்கில் எழுதும் தடங்கள் தனித்தனியாக இருக்கும், எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஓரளவு படிந்திருக்கும், அதனால் பெரிய வீடியோ ஃபோல்டர்களைத் தொடர்ந்து கொட்டும்போது வேகம் சடாரென்று விழும். ஒருமுறை எழுதிவிட்டு எடுத்துப் பார்க்க மட்டும் என்றால் பாதகமில்லை.

சாட்டாவுக்கு முந்தைய, பட்டையான கேபிளில் மாட்டும் பழைய ஐடிஇ டிஸ்க்கைப் புதிதாகச் சேர்க்கச் சொல்லி யாராவது கேட்டால் என் பதில், அதிலிருந்து படங்களைக் காப்பி எடுத்துக்கொண்டு ஓய்வு கொடுத்துவிடுங்கள் என்பதே. காப்பி எடுக்க மாட்டுவதானால், 80 கம்பி கேபிளின் நீல முனை போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு, நடுவில் உள்ள சாம்பல் முனை ஸ்லேவுக்கு. டிஸ்க்கின் பின்களை இணைக்கும் ஜம்பர் என்ற சின்னத் துண்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

பொருத்துவது

ஹார்ட் டிஸ்க்குக்கு இஞ்ச் அளவு மரையுள்ள கொஞ்சம் பருத்த திருகு, எஸ்எஸ்டிக்கு மெல்லிய எம்3 திருகு, மாற்றிப் போட்டு முறுக்கினால் மரை போய்விடும். இரண்டு பக்கமும் திருகு போடுங்கள், ஒரு பக்கம் மட்டும் போட்டால் அதிர்வு கூடும். டிஸ்க்குகளை ஒன்றின் மேல் ஒன்று ஒட்டி அடுக்காமல் நடுவில் ஓர் இடம் காலியாக விடுங்கள், இடமில்லை என்றால் டிவிடி ரைட்டர் இருந்த இடத்தில் பிராக்கெட் வைத்து ஒன்றை மேலே ஏற்றுங்கள். முன்பக்கம் 120 மிமீ ஃபேன் ஒன்று வேண்டும். அறையே 36 டிகிரியில் கொதிக்கும் மே மாதத்தில், காற்றில்லாத கேபினட்டில் டிஸ்க் 50ஐத் தாண்டிவிடும், 45க்குள் வைக்கப் பாருங்கள்.

கேபினட்டைத் தரையில் வைக்காதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நம் பகுதியில் எத்தனை தரைத்தளக் கடைகளுக்குள் தண்ணீர் வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மேஜைக்கு மேல், முடிந்தால் இடுப்பு உயரத்துக்கு மேல்.

பயாஸும் விண்டோஸும்

முதல் தடவை ஆன் செய்ததும் நேராக பயாஸுக்குள் போய்ப் புது டிஸ்க் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். பழைய போர்டுகள் புது டிஸ்க்கைப் பார்த்ததும் பூட் வரிசையைத் தாங்களே மாற்றிவிடும், விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை மறுபடி முதலில் கொண்டுவாருங்கள். கார்டில் மாட்டிய டிஸ்க் பயாஸ் பட்டியலில் வராமல் போகலாம், அது பிரச்சினை இல்லை, விண்டோஸில் வந்தால் போதும். வியா விடி8237 சிப்செட் போர்டு என்றால் டிஸ்க்கின் வேகத்தை 1.5 ஜிகாபிட்டுக்குக் குறைக்கும் ஜம்பர் போடாமல் அது டிஸ்க்கையே பார்க்காது.

போர்டு டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடை, பயாஸில் பழைய ஐடிஇயிலிருந்து புதிய ஏஎச்சிஐக்கு மாற்றினால் வேகம் கூடும் என்று படித்துவிட்டு உடனே மாற்றாதீர்கள், அப்படியே மாற்றினால் விண்டோஸ் 0x7B என்ற பிழை எண்ணோடு நீலத் திரையில் நின்றுவிடும். விண்டோஸ் 10ல் என்றால் முதலில் எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட்டைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்து, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை ஏறிவிட்டு, அந்த டிக்கை எடுத்தால் சரியாகிவிடும். ஜி31, ஜி41 போர்டுகளில் பொதுவாக ஏஎச்சிஐ கிடையாது, தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் புது டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யும்போது, டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்துக் குறித்துவைக்கும் முறை எம்பிஆரா ஜிபிடியா என்று கேட்கும். 2 டிபிக்கு மேல் என்றால் ஜிபிடிதான், எம்பிஆர் கொடுத்தால் 2 டிபிக்கு மேல் உள்ள இடம் பயன்படாமலே கிடக்கும். பழைய பயாஸ் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து விண்டோஸைப் பூட் செய்யாது, ஆனால் டேட்டா டிஸ்க்காக விண்டோஸ் 7லிருந்தே ஓடும். 32 பிட் எக்ஸ்பியில் ஓடாது. 3 டிபி டிஸ்க்கை 746 ஜிபி என்று காட்டினால் டிஸ்க்கில் கோளாறு இல்லை, இன்டெலின் பழைய ஸ்டோரேஜ் டிரைவர்தான் காரணம், அதைப் புதுப்பித்துவிட்டு மறுபடி பாருங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, ஆகவே மெஷினை ஸ்டோரேஜுக்கு மட்டும் என்று ஒதுக்குகிறவர்கள் டெபியன் லினக்ஸ் ஏற்றி நெட்வொர்க்கில் பகிர்ந்துகொள்வதையும் யோசிக்கலாம், பழைய ஐ3க்கு அது சுலபமான வேலை.

டேட்டா கொட்டுவதற்கு முன் சோதனை

குவிக் ஃபார்மட் வேண்டாம், முழு ஃபார்மட் கொடுங்கள். 4 டிபி டிஸ்க் சராசரி 150 எம்பி வேகத்தில் ஏழரை மணி நேரம் எடுக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். முடிந்ததும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ காட்டும் அந்த ஸ்மார்ட் எண்களை மறுபடி பாருங்கள். சி5 ஏறியிருந்தால் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுங்கள். சி7 என்ற சிஆர்சி பிழை மட்டும் ஏறினால் டிஸ்க்கைக் குற்றம் சொல்லாதீர்கள், அது சாட்டா கேபிள் அல்லது பிளக்கின் கோளாறு, கிளிப் உள்ள புது கேபிள் போட்டதும் எண்ணிக்கை அதற்கு மேல் ஏறாமல் நிற்கும். ஏற்கெனவே ஏறிய எண் இறங்காது, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

மூடியைப் போடுவதற்கு முன் ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணில் கடைசி நாலு எழுத்தை மாஸ்கிங் டேப்பில் எழுதி, டிஸ்க்கின் வெளியே தெரியும் ஓரத்தில் ஒன்று, அதன் கேபிள் போர்டில் சேரும் முனையில் ஒன்று ஒட்டிவிடுங்கள். ஒரே கம்பெனியின் நாலு டிஸ்க் வரிசையாக இருக்கும்போது, பழுதானது எது என்று சாஃப்ட்வேர் சீரியல் எண்ணைத்தான் சொல்லும், எந்த ஒயரை உருவ வேண்டும் என்பதை அந்த டேப்தான் காட்டும்.